இயந்திரம் பாடுமா?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டும் மேசைமீது தனியே எடுத்து வைத்திருந்தேன். ஒரு தாய் எழுதியது. ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே செய்தியை மட்டும் தருகிறேன்.

“ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழுந்தது முதல் கைப்பேசியை ஒரு சிறு ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு ‘டும் டும்’ என்ற ஒரே ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டிஸ்கோ என்கிறாள், புதிய மின்னணு டிஸ்கோ என்கிறாள். பாட்டில் பத்து வரிகூட இல்லை. இருக்கிற வரிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு மனிதராவது உட்கார்ந்து வாத்தியம் வாசித்ததாகத் தெரியவில்லை. என் மாமியார் முப்பது ஆண்டுகள் ஆலயப் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர்கள். ‘இயந்திரம் போடும் கூச்சல், இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சமையலறையில் தம்பியையும் இழுத்துக்கொண்டு இவள் ஆடிக்கொண்டிருந்தாள். என் கணவர் வந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ‘ஆடுகிற வீடா இது?’ என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்று முதல் அவள் அப்பாவோடு பேசுவதில்லை. பத்து நாளாகிறது. சாவி என்னிடம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?”

அன்புள்ள சகோதரி, சாவியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தங்கள் மாமியார் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான கேள்வி. நானும் அதைக் கேட்டவன்தான். 1980ஆம் ஆண்டு ‘குர்பானி’ என்ற இந்தித் திரைப்படத்தின் டிஸ்கோப் பாட்டு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட முழங்கியபோது, செவியைப் பொத்திக்கொண்டு நடந்தவர்களுள் நான் ஒருவன். அதைப் பாடிய நாசியா ஹசன் அப்போது 15 வயதுச் சிறுமி என்பதும், அதற்கு இசையமைத்த பித்து நம் பக்கத்துப் பெங்களூரில் பிறந்து, இலண்டன் சென்று, 1974ஆம் ஆண்டிலேயே உலகெங்கும் விற்ற ஓர் ஆட்டப்பாட்டை உருவாக்கியவர் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. இகழ்வதற்கு அறிவு தேவைப்படுவதில்லை அல்லவா?

பல ஆண்டுகள் கழித்து, இவ்விசை எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் படித்தறிய நேர்ந்தது. அதன்பின் அதை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். தங்கள் மகள் கேட்கும் பாட்டுகளுக்கெல்லாம் மூத்த பாட்டு ஒன்று உண்டு. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில், ஓர்த்திசெய் என்றொரு சிற்றூர் உள்ளது. அந்தப் பள்ளத்தாக்கு மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்றது. தேவாலயங்களில் நாம் காணும் புனிதர்களின் மரச்சுரூபங்கள் பல அங்கிருந்து உலகின் பல நாடுகளுக்குச் சென்றவை. அவ்வூரில் 1940ஆம் ஆண்டு பிறந்தவர் ஜியார்ஜியோ மொரோடர். இவர் உளியைப் பிடிக்கவில்லை, கிதாரைப் பிடித்தார். ஊர் ஊராக வாசித்துத் திரிந்து, இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தங்கினார். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் ‘மியூசிக்லேண்ட்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார்.

அதே மியூனிக் நகருக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தார். போஸ்டன் நகரில் 1948ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினப் பெண்; சிறுவயதில் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். ஓர் இசை நாடகத்தின் ஜெர்மன் வடிவத்தில் நடிக்க 1968ஆம் ஆண்டு கடல் கடந்து வந்தவர், ஹெல்முத் சொம்மர் என்ற ஆஸ்திரிய நடிகரை மணந்துகொண்டார். கணவரின் பெயரை ஆங்கில ஓசைக்கு மாற்றி, டானா சம்மர் என்று பெயர் பெற்றார்.

இவ்விருவரும், பீட் பெலோட் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து 1975ஆம் ஆண்டு வெளியிட்ட பாட்டொன்று பெரும்புகழும் பெருங்கண்டனமும் ஒருங்கே பெற்றது. அதனை நம் இல்லங்களில் ஒலிக்கச் செய்யுமாறு நான் சொல்லமாட்டேன். பாடியவரே பின்னாளில் பல ஆண்டுகள் அதனை மேடையில் பாடாதிருந்தார். ஆயினும் அவரை அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிடுவோர், 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சமய உணர்வுப் பாடலுக்கான கிராமி விருது அவருக்கே கிடைத்தது என்பதை அறியாதவர்கள்.

இனி 1977ஆம் ஆண்டுக்கு வருவோம். மொரோடரும் நண்பர்களும் ஓர் இசைத்தட்டுக்குத் திட்டமிட்டனர். பாட்டுக்கு ஒரு காலம். கடந்துபோன பத்தாண்டுகளின் பாணிகளை ஒவ்வொன்றாக நினைவூட்டிக்கொண்டே வந்து, கடைசிப் பாட்டில் வருங்காலத்தின் ஓசையைக் கேட்பிக்க வேண்டும். பழைய காலங்களைக் காட்டுவது எளிது. அக்காலத்து வாத்தியங்களை வாசித்தால் போதும். வருங்காலத்துக்கு என்ன வாத்தியம்? மனிதர் வாசிக்கும் வாத்தியமே வேண்டாம், முழுவதையும் மின்னணுக் கருவியில் செய்துபார்ப்போம் என்று மொரோடர் துணிந்தார்.

அக்கருவியின் பெயர் மூக் சிந்தசைசர். இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிடும் அந்தக் கருவி, அன்று ஒரு சுவரை அடைத்துக்கொள்ளும் அளவில் இருந்தது. பழைய தொலைபேசி நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். முகப்பெங்கும் துளைகள், துளைக்குத் துளை செருகிய கம்பிகள், திருகும் குமிழ்கள். மொரோடரிடம் அது சொந்தமாக இல்லை. எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளரின் கருவி இரவலாக வந்தது. அதை இயக்கத் தெரிந்த ரொபி வேடல் என்ற பொறியாளரும் உடன் வந்தார். அப்பாட்டின் நுட்பத்தில் பெரும்பங்கு இந்த வேடலுடையது. ஒலிநாடாவின் ஒரு தடத்தில் சீரான மின்துடிப்பைப் பதித்துவிட்டால், கருவி அத்துடிப்பைப் பற்றிக்கொண்டு எத்தனை முறை வாசித்தாலும் இம்மியும் பிசகாமல் முன்பதிவோடு ஒட்டி நிற்கும் என்பதை அவர்தாம் காட்டினார்.

இனித்தான், சகோதரி, தங்கள் மாமியாரிடம் சொல்லவேண்டிய செய்தி. தாளத்தில் பிசகாத அந்த இயந்திரம், சுருதியில் நிற்கவே இல்லை! சற்று நேரம் ஒலித்ததும், கருவி சூடேறச் சூடேறச் சுருதி நழுவிப்போகும். ஆகவே அரை நிமிட அளவுக்குப் பதிவு செய்வார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்ப்பார்கள், மறுபடியும் அரை நிமிடம். இவ்வாறு துண்டு துண்டாகச் சேர்த்ததுதான் அந்த ‘இயந்திரக் கூச்சல்’. தம்புராவைச் சுருதி சேர்க்கும் வித்துவானுக்கும் இவர்களுக்கும் பொறுமையில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மேலும் ஒன்று. பெரிய முரசின் அதிர்வை அந்தக் கருவியால் திருப்தியாகத் தர முடியவில்லை. எனவே கீத் ஃபோர்சி என்ற முரசுக் கலைஞரை அழைத்து, முரசை மட்டும் காலால் மிதித்து அடிக்கச் சொன்னார்கள். கைக்கு வேலை இல்லை. கூட வாசிக்கத் துணையும் இல்லை. ஒரே அடி, மாறாத அடி, பாட்டு முடியும்வரை. உலகமே இயந்திரத் தாளம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றின் அடியில் இருந்தது ஒரு மனிதனின் கால். இதே ஃபோர்சி, ‘ஃபிளாஷ்டான்ஸ்’ என்ற படத்தின் பாட்டுக்காக மொரோடருடனும், பாடகி ஐரீன் காராவுடனும் சேர்ந்து 1984ஆம் ஆண்டு ஆஸ்கார் பரிசு பெற்றார்.

கீழ்ச்சுரங்களில் ஒரு கைவேலையும் செய்தார்கள். கருவி எழுப்பும் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு செவிக்கு அனுப்பி, கணநேரம் தாமதித்து அதன் எதிரொலியை மற்றொரு செவிக்கு அனுப்பினார்கள். சுரம் இரட்டித்து, இரு செவிகளுக்கும் இடையே ஓடுவது போன்ற மயக்கம் உண்டாயிற்று. இவ்வளவுக்கும் மேலே டானா சம்மரின் குரல் வருகிறது. முழங்குவதில்லை, அவசரப்படுவதில்லை, ஓடும் இரயில் வண்டியின் கூரைக்கு மேலே ஒரு பறவை சிறகை அசைக்காமல் மிதப்பதுபோல் மிதக்கிறது. சொற்கள் மிகச் சில. தாங்கள் சொன்னீர்களே, பத்து வரிகூட இல்லை என்று, இதிலும் இல்லை. ‘ஐ ஃபீல் லவ்’ என்பது அதன் பெயர். அன்பை உணர்கிறேன் என்பதற்கு மேல் அந்தப் பாட்டுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

1977 ஜூலையில் இப்பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்து நான்கு வாரங்கள் அங்கேயே நின்றது. பெர்லினில் ஒலிப்பதிவுக்கு வந்திருந்த பிரையன் ஈனோ என்ற இசைவாணர் இத்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்து, வருங்காலத்தின் ஓசை கிடைத்துவிட்டது என்று தம்மிடம் அறிவித்ததாகப் பாடகர் டேவிட் போவி பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். 2012 மே மாதம் 17ஆம் நாள் டானா சம்மர் மறைந்தார். அதே மாதத்தில், அழியாது காக்கப்படவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இப்பாட்டைச் சேர்த்ததாக அறிவித்தது.

‘எல்லாம் சரி, திரும்பத் திரும்ப ஒன்றையே அடிப்பதில் என்ன இன்பம்?’ என்று கேட்பீர்கள். டிஸ்கோவின் இலக்கணம் எளியது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் நான்கிலும் பெரிய முரசு விழும்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. விரைந்து நடக்கும் மனிதனின் காலடியும் அந்த அளவுதான். ஆகவே கேட்பவன் கட்டளையின்றியே கால் அசைக்கிறான். அடி மாறாதிருப்பதனால்தான் அதன்மேல் நிகழும் சிறு மாற்றம்கூடப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு கைத்தட்டு புதிதாகச் சேரும். ஒரு சுரம் மேலேறும். திடீரென முரசு நின்று, குரல் மட்டும் தனித்து நிற்கும். முரசு மீண்டும் வரும்போது ஆடுவோர் முகங்களில் வீடு திரும்பியவரின் மகிழ்ச்சி. நம் பெண்கள் கும்மியடிக்கும்போது கைத்தட்டு மாறுகிறதா? வட்டம் மாறுகிறதா? மாதாவின் மன்றாட்டு மாலையில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று ஐம்பது முறைக்குக் குறையாமல் சொல்கிறோமே, நாற்பதாவது முறை சொல்வது முதல் முறை சொன்னதுபோலவா இருக்கிறது? இரண்டையும் ஒன்றென்று நான் கூறவில்லை. யாரும் சண்டைக்கு வரவேண்டாம். திரும்பச் சொல்வது வெறுமை ஆகாது என்பதை அறிய நாம் ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை என்றுதான் சொல்ல வந்தேன்.

ஆர்மோனியத்தையும் இங்கே நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருவாகிக் கப்பலேறி வந்த வாத்தியம் அது. ‘கட்டை போட்ட சுரம், கமகம் பிடிக்காது, நம் சங்கீதத்துக்கு ஆகாத இயந்திரம்’ என்று நம் பெரியோர் பலர் அதை வெறுத்தார்கள். 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி அதனைத் தன் நிலையங்களில் தடையே செய்தது. அந்தத் தடை தளர 1971ஆம் ஆண்டு ஆயிற்று. அதற்குள் அது நம் ஆலயங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் பிறந்ததுபோல் ஆகிவிட்டிருந்தது. தங்கள் மாமியார் விரல் வைத்த வாத்தியம் ஒரு காலத்தில் வானொலிக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்றது என்பதை அவர்களிடம் மெல்ல நினைவூட்டுங்கள். கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி, தங்கள் கணவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி. ‘ஆடுகிற வீடா இது?’

இசை பிடிக்காமற்போவது குற்றம் அன்று. ஆனால் இசையை வெறுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதை விரும்பும் மனிதரை வெறுப்பதும் உண்டு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் டிஸ்கோ தழைத்த இடங்கள் நியூயார்க் முதலிய நகரங்களின் ஆடலரங்குகள். அங்கே கூடியவர்களுள் மிகப்பலர் கறுப்பின மக்கள், இலத்தீன் அமெரிக்கர், தன்பாலின ஈர்ப்பினர். மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள். சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவி, வானொலி நிலையங்களைப் பிடித்தது. திகட்டும் அளவுக்குப் பரவியது என்பதும் உண்மையே. பணம் கிடைக்கிறது என்று கண்டவரெல்லாம் டிஸ்கோத் தட்டு போட்டார்கள், அவற்றுள் பெரும்பாலானவை குப்பை. இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. டிஸ்கோவின் வரவால் ஒரு நிலையத்தில் வேலை இழந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவர் சிக்காகோ நகரில் அதற்குத் தலைமை ஏற்றார்.

1979 ஜூலை 12. கொமிஸ்கி பார்க் என்ற விளையாட்டரங்கில் அன்று இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள். ஒரு டிஸ்கோத் தட்டைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அனுமதிக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே என்று அறிவித்தார்கள். சுமார் 50,000 பேர் திரண்டனர். முதல் ஆட்டம் முடிந்ததும், சேர்ந்த தட்டுகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மைதானத்தின் நடுவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உடனே ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தனர்; தீ மூட்டினர்; புல்தரையைப் பிய்த்தனர். காவலர் வந்து விரட்டினர். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. எதிரணி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அன்று அவ்வரங்கில் இருக்கை காட்டும் வேலை செய்த ஒரு கறுப்பினச் சிறுவன் இருந்தான். வின்ஸ் லாரன்ஸ் என்பது பெயர். ஒரு சிந்தசைசர் வாங்கவேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். மக்கள் கொண்டுவந்து குவித்த தட்டுகளை அவன் கவனித்தான். அவற்றுள் பல டிஸ்கோவே அல்ல. கறுப்பினப் பாடகர்களின் சாதாரணப் பாட்டுகள். எரிக்கப்படுவது எது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவ்வெறுப்பு பலித்தது என்றே சொல்லவேண்டும். சிறந்த டிஸ்கோப் பதிவுக்கென ஒரு கிராமி விருது 1980ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டு, குளோரியா கேனரின் பாட்டுக்கு வழங்கப்பட்டது. அதோடு அவ்விருதே நிறுத்தப்பட்டது. (அந்த அம்மையார் பிற்காலத்தில் தேவ பாடல்கள் பாடி, அதற்காக 2020ஆம் ஆண்டு, சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாவது கிராமி பெற்றார். அது வேறு கதை. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) வானொலிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. பணம் போட்டவர்கள் விலகினர்.

பணம் விலகியபின் எஞ்சியவர்கள், அதை உண்மையாக விரும்பியவர்கள் மட்டுமே. அதே சிக்காகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆடலரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் பழைய டிஸ்கோத் தட்டுகளை எடுத்து, நீட்டியும் வெட்டியும் ஒட்டியும், தாளக் கருவியைச் சேர்த்தும் இரவெல்லாம் ஆடுவோருக்கு அளித்தார். அந்த அரங்கின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற புதிய இசைக்குப் பெயர் வந்தது என்பர். விளையாட்டரங்கில் இருக்கை காட்டிய வின்ஸ் லாரன்ஸ் வளர்ந்து, ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து உருவாக்கிய பாட்டு 1984ஆம் ஆண்டு தட்டாக வெளிவந்தது; ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று அதனையே பலர் குறிப்பிடுகின்றனர். 2004ஆம் ஆண்டு சிக்காகோ நகரம் தன் தெருவொன்றின் பகுதிக்கு ஃபிராங்கி நக்கிள்ஸின் பெயரைச் சூட்டியது. தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்து அதற்குள் இருபத்தைந்து ஆண்டுகள்.

தங்கள் கணவர் கொமிஸ்கி பார்க்குக்குப் போனவர் அல்லர். மகள்மேல் உள்ள அக்கறையால் கோபித்த தகப்பனார். ஆயினும் அவர் பூட்டியது ஒலிபெருக்கியை. அவர் சொன்ன வார்த்தையோ ஆடிய பெண்ணைப் பற்றியது. அந்தப் பிள்ளை பத்து நாள் பேசாதிருப்பது பாட்டு நின்றதற்காக இராது.

இயந்திரத்தைப் பற்றி மற்றுமொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஒரு சிறு வெள்ளிநிறப் பெட்டியை வெளியிட்டது. டிபி-303 என்பது அதன் பெயர். தனியே அமர்ந்து கிதார் பழகுவோருக்குக் கீழ்ச்சுரத் துணையாக ஒலிக்கவேண்டும் என்பது நோக்கம். யாருக்கும் பிடிக்கவில்லை. உண்மையான கிதாரைப் போல அது ஒலிக்கவே இல்லை. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984ஆம் ஆண்டு உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளுக்கு வந்த அப்பெட்டிகளைச் சிக்காகோ இளைஞர்கள் மலிவாக வாங்கி, குமிழ்களைக் கண்டபடி திருகி, அதுவரை யாரும் கேளாத ஒரு நெளியும் ஓசையை எழுப்பினார்கள். 1987ஆம் ஆண்டு வெளிவந்த அந்தத் தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெருவெள்ளம் புறப்பட்டது.

ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1982ஆம் ஆண்டிலேயே, அப்பெட்டியை அவ்வாறு ஒலிக்கச் செய்த ஒருவர் இருந்தார். பம்பாய்க்காரர். சரண்ஜித் சிங் என்று பெயர். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்துப் பிழைத்தவர். திருமண வரவேற்புகளிலும் வாசித்தவர். சிங்கப்பூரில் வாங்கி வந்த டிபி-303ஐயும் அதன் துணைக் கருவிகளையும் வைத்துக்கொண்டு, டிஸ்கோத் தாளத்தில் பத்து இந்துஸ்தானி இராகங்களை வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். பூபாளி, யமன், மால்கௌன்ஸ் முதலியவை அதில் உண்டு. அதாவது நம் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம். விற்கவில்லை. அவரும் அதை மறந்துவிட்டுக் கல்யாண வீடுகளுக்கே வாசிக்கப் போய்விட்டார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டு, பழைய தட்டுகள் சேர்க்கும் டச்சுக்காரர் ஒருவர் கண்ணில் அது டில்லியில் பட்டது. 2010ஆம் ஆண்டு மறுபதிப்பு வந்தபோது மேனாட்டு இரசிகர்கள் நம்ப மறுத்தார்கள். இக்காலத்தவர் எவரோ செய்த வேடிக்கை என்று சொன்னவர்களும் உண்டு. எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் ஐரோப்பாவின் மேடைகளில் அந்தப் பெட்டிகளோடு அமர்ந்து, தம் பேரப்பிள்ளைகள் வயதுடையவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். 2015ஆம் ஆண்டு காலமானார்.

ஆகவே, சகோதரி, அலமாரியைத் திறவுங்கள். தங்கள் கணவரிடம் முதலில் சொல்லிவிட்டே திறவுங்கள். அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒலியின் அளவில் மட்டும் கண்டிப்பாயிருங்கள்: வாரம் 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. சொற்கள் தகாதனவாயிருந்தால் அதையும் மகளிடம் நேரே சொல்லுங்கள். எந்தப் பாட்டு, எந்தச் சொல் என்று சுட்டிச் சொல்லவேண்டும். பொதுவாகக் கூச்சல் என்றால் அவள் செவியில் ஏறாது.

ஓர் ஞாயிறு மாலை ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டைத் தேடி ஒலிக்கச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் இராது. அமெரிக்கப் பாடகி பியான்சே 2022ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பின் கடைசிப் பாட்டில் அதன் மெட்டைத்தான் எடுத்தாண்டிருக்கிறார். செவிப்பொறியை வைத்துக்கொண்டு, கீழ்ச்சுரம் இரு செவிகளுக்கும் இடையே ஓடுவதைத் தாங்களும் கேளுங்கள். ஃபோர்சியின் காலடியை எண்ணுங்கள்.

பிறகு சரண்ஜித் சிங்கின் தட்டில் மால்கௌன்ஸ் என்று இருப்பதை ஒலிக்கச் சொல்லி, இன்ன இராகம் என்று சொல்லாமல் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முப்பது ஆண்டு ஆர்மோனியம் வாசித்த விரல்கள் ஹிந்தோளத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆயிற்று என்பதை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.